சபைக்குச் சட்டதிட்டம் எழுத ஒரு பாய் கடை

வியாசர்பாடி மூர்த்திங்கர் தெருப் பக்கம், ஜெராக்ஸ், டிக்கெட் புக்கிங், பத்திர டைப்பிங் எல்லாம் ஒன்றாக நடக்கிற பாய் கடை. சங்கம், டிரஸ்ட் பதிவுக்கான காகிதமும் தயார் செய்து தருவார். பள்ளிவாசல் கமிட்டி, அம்மன் கோயில் டிரஸ்ட், தெருமுனை சபை எல்லாவற்றுக்கும் அதே மேசைதான்.

எங்கள் சபை எந்தப் பேராயத்தையும் (பிஷப்பின் நிர்வாகப் பகுதி) சேராத தனிச் சபை. அதைப் பதியத்தான் அங்கே போனோம். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சபை என்றதும் பாய் எடுத்து நீட்டுவது ரெடிமேட் டிரஸ்ட் பத்திரம். அதில் பாஸ்டர்தான் நிறுவனர், ஆயுள்கால நிர்வாக அறங்காவலர். அவருக்குப் பின் அவர் கைகாட்டுகிற ஆள். நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் அவர் கையெழுத்தே போதும். "எல்லா பாஸ்டரும் இதத்தான் சார் கேக்குறாங்க" என்றார். கேட்பார்கள்தான். காணிக்கை போட்டு ஷீட் கூரையைத் தளமாக்கிய ஜனங்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

நான் பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில். அங்கே ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சேகரத்தின் கமிட்டிக்கு ஓட்டு உண்டு. ஆனால் ஐயரை, அதாவது போதகரை, அனுப்புவதும் மாற்றுவதும் பேராயம், சொத்து இருப்பது சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில். 1947-ல் பல சபைகள் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது அந்த ஐக்கியத்துக்குள் வந்தவர்களில் லண்டன் மிஷன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையாரும் உண்டு. போதகரைத் தெரிந்தெடுப்பதும் தங்கள் காரியத்தைத் தீர்மானிப்பதும் அந்தந்த சபையே என்பது அவர்கள் கொள்கை. அப்படியிருந்தும் பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நான் இருக்கிற தனிச் சபைக்கு மேலே பிஷப் இல்லை. அதற்காகப் பாஸ்டரையே பிஷப் ஆக்கிவிட முடியுமா?

டிரஸ்ட் வேண்டாம், சங்கமாகப் பதிவோம் என்று சொன்னதும்தான் பாயின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். "பைபிள்ல அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்துலயும் சபையார் தெரிஞ்சுகிட்டது ஏழு பேரத்தான் பாய்" என்றேன். "அப்ப ஏழு ஆதார் கொண்டாங்க சார்" என்றார். கமிட்டிக்கு ஐந்து வருஷம் கேட்ட எங்கள் மூப்பரிடம் (சபைப் பெரியவர்), மூன்று வருஷத்துக்கு மேல் சட்டம் விடாது, வேண்டுமானால் மறுபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிறகு பாயிடமிருந்து கேள்வி மேல் கேள்வி. ஞாயிறு வருகிறவர் எல்லாம் மெம்பரா, ஞானஸ்நானம் எடுத்தவர் மட்டுமா? பாஸ்டரை நீக்கவேண்டி வந்தால் கூட்டத்தைக் கூட்டுவது யார்? பெண்களுக்கு ஓட்டு உண்டா? (எங்கள் சபையில் அவர்கள் வராவிட்டால் கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கே சேராது.) சொத்தை விற்கப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு ஓட்டு என்று எழுதினோம். பாஸ்டர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார், கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

தமிழ் டைப்பிங்கில் பிழை ஜாஸ்தி. மூப்பர் எல்லா இடத்திலும் 'முப்பர்'. பிரிண்ட் போடுமுன் ஸ்கிரீனிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள், திருத்தப் பிரிண்டுக்குத் தனிக் காசு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். வேர்ட் ஃபைலைக் கேட்டு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால் தரமாட்டார்.