அப்பாவின் லென்ஸுக்கு ஏற்ற பாடி: நிக்கான் டி7200

கோத்தகிரியில் அப்பா ஸ்டூடியோ நடத்திய காலத்து லென்ஸ்கள் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. இரண்டும் நிக்கான். ஒன்று 105 எம்எம் எஃப்/2.5, ஏஐ-எஸ் என்ற பழைய வகை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மற்றது 80-200 எஃப்/2.8 டி, தானாக ஃபோகஸ் ஆகும் ஜூம். மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மர பீரோவின் கீழ்த்தட்டில் 40 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டே அப்பா அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். அந்த இரண்டுக்காகத்தான் டிஜிட்டல் கேமரா வாங்கக் கிளம்பினேன்.

முதல் தடவை ஏமாந்தேன். கோவையில் ஒரு கடையில் "எந்த நிக்கான் லென்ஸும் இதுல வேலை செய்யும் மேடம்" என்று சொல்லி ஒரு சின்ன பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் 80-200 தானாக ஃபோகஸ் ஆகவில்லை. 105-ஐ மாட்டினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரே ஓடவில்லை. மாட்ட முடிவது வேறு, வேலை செய்வது வேறு. லென்ஸை மாட்டும் வாயான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லிருந்து வருவதால் லென்ஸ் பொருந்திவிடும். ஆனால் என்னுடைய டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஸ்க்ரூ டிரைவர் முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தண்டால் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் அந்த மோட்டார் இல்லை.

இன்னொரு விஷயம் ஏஐ நாக்கு. மவுண்ட்டைச் சுற்றியுள்ள வளையத்தில் நகத்தளவு துருத்திக்கொண்டிருக்கும். லென்ஸில் ஒளி நுழையும் துளையை (அப்பர்ச்சர்) மாற்றும் வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைப் பாடிக்குச் சொல்வது அதுதான். 2015-இல் வந்த டி7200-இல் அது இருக்கிறது. 2017-இல் வந்த டி7500-இல் மோட்டாரை வைத்துக்கொண்டு நாக்கை எடுத்துவிட்டார்கள். புதியது இருக்கும்போது நான் பழைய டி7200-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கியதற்குக் காரணம் அந்த நகத்தளவு நாக்குதான். மெனுவில் லென்ஸின் குவியத் தூரம் 105, பெரிய அப்பர்ச்சர் 2.5 என்று ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். மீட்டர் சரியாகச் சொல்லும். இப்படி ஒன்பது லென்ஸ் வரை பதியலாம். அப்பர்ச்சரை நாமே வைக்கும் ஏ, ஷட்டரையும் நாமே வைக்கும் எம் ஆகிய மோடுகளில் மட்டும் 105 வேலை செய்யும். ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி நிலையாக எரியும்.

80-200-ஐ முதலில் மாட்டியபோது மேல்திரையில் எஃப்-இ-இ என்று சிமிட்டியது. பயந்துபோய் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பிப் பூட்டு கண்ணு" என்றார். ஆரஞ்சு நிற 22-க்குத் திருப்பிப் பூட்டியதும் சிமிட்டல் நின்றது. இப்படிப் பூட்டியபின் அப்பர்ச்சரை பாடியின் டயலில் மாற்ற வேண்டும்.

அந்த டயல்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒன்று. ஒன்று ஷட்டர், மற்றது அப்பர்ச்சர். ஜனவரி உறைபனியில் கம்பளிக் கையுறையோடு லாங்வுட் சோலைக்குள் நிற்கும்போது, கண்ணை எடுக்காமலே இரண்டையும் மாற்ற முடிகிறது. நீலகிரி சிரிப்பான் பறவை புதரிலிருந்து வெளியே தலை காட்டுவது இரண்டு மூன்று நொடிதான். மெனுவைத் திறந்து தேட அது நேரம் தராது. மோட் டயலில் யு1, யு2 என்று இரண்டு இடங்களில் நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். என் யு1 சோலை இருட்டுக்கு: ஷட்டர் 1/250 நொடி, அப்பர்ச்சர் எஃப்/2.8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200. யு2 தேயிலைத் தோட்டத்து மூடுபனிக்கு. பனி வெளுப்பைப் பார்த்து மீட்டர் படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், படம் கொஞ்சம் வெளிச்சமாக வர அதில் +0.7 வைத்திருக்கிறேன்.

ஐஎஸ்ஓ பொத்தான் திரைக்கு இடது பக்கம் இருக்கிறது. கனமான லென்ஸைத் தாங்கும் கையை எடுத்தால்தான் எட்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுச் சமாளிக்கிறேன். திரை மடங்காது. தண்டு சுழலும்போது கிர்ர் என்று சத்தம் வரும், பக்கத்தில் இருக்கும் பறவை திரும்பிப் பார்க்கும்.

மிரர்லெஸ் வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணாடி இல்லாத அந்தக் கேமராவில் பழைய லென்ஸை மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் இந்த மோட்டாரும் இல்லை, நாக்கும் இல்லை. எனக்கு அது ஆகாது.

செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்கள் பழைய லென்ஸ் ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். மவுண்ட் வளையத்தை விரலால் நகர்த்தி விடுங்கள், சட்டென்று திரும்பி வர வேண்டும். 1977-க்கு முந்தைய, வளையம் ஏஐ வகைக்கு மாற்றப்படாத லென்ஸை மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள், அது நாக்கை முறித்துவிடும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். இந்த மாடலின் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது. நான் வாங்கியபோது 31,000 ஓடியிருந்தது.