எட்டுப் பேர் அறையா, நாலாவது மாடிக் குடித்தனமா?

கி.பி. 100 வாக்கில் ரோம் நகரில் ஒரு பையன். வயது 19. குடியுரிமை உண்டு, கையில் காசில்லை. அவனுக்கு இரண்டு வழி. நகரத்திலேயே மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக் கூலி வேலை பார்க்கலாம். இல்லையென்றால் லீஜியன் என்ற ரோமக் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து பிரிட்டனிலோ ரைன் ஆற்றங்கரையிலோ 25 வருடம் தள்ளலாம். எது தேவலை?

தங்கும் இடத்தில் பட்டாளத்துக்கே என் ஓட்டு. வேல்ஸில் உள்ள கார்லியனில் இரண்டாம் அகஸ்டா லீஜியன் தங்கிய வரிசைகளின் அடித்தளத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அசல் லைன் வீடுதான். நீளமான கட்டடம், முன்னால் தாழ்வாரம், வரிசையாக இரட்டை அறைகள். முன்னறையில் ஆயுதமும் சாமானும், பின்னறையில் எட்டுப் பேர் படுக்கை. 80 பேருக்கு ஒரு லைன். கோடியில் அவர்களின் தலைவனான செஞ்சுரியனுக்கு மட்டும் தனி வீடு போலப் பல அறைகள். நெருக்கடிதான், ஆனால் பக்கத்திலேயே ரொட்டி சுட அடுப்பு, கழிப்பறை, கோட்டைக்குள்ளேயே குளியல் கூடம்.

நகரத்தில் 'இன்சுலா' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கடைகள், முதல் மாடியில் வசதியானவர்கள். மேலே ஏற ஏற வாடகை குறையும், அறை சுருங்கும், தண்ணீரைக் குடத்தில் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். 70 அடிக்கு மேல் கட்டக் கூடாது என்று பேரரசர் அகஸ்டஸ் சட்டம் போட்டார். பிறகு வந்த பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். பெரும்பாலான அறைகளில் சமையலறை கிடையாது. கணப்புச் சட்டியில் எதையாவது கிண்டலாம், தீப்பிடித்தால் மேல்மாடிக்காரன் கதி அதோகதி. 64ஆம் ஆண்டுத் தீயில் நகரின் 14 வட்டாரங்களில் 4 மட்டுமே தப்பின. ஜன்னலிலிருந்து கொட்டுவதும் எறிவதும் தெருவில் போகிறவன் தலையில் விழுந்தால் என்ன நஷ்டஈடு என்பதற்குத் தனிச் சட்டமே இருந்தது. நிலைமையை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

வைத்தியத்தில் போட்டியே இல்லை. ஸ்காட்லாந்தின் இன்ச்டுதில் கோட்டையில் அறுபது சொச்சம் அறைகளோடு ஆஸ்பத்திரி இருந்தது. நகரத்து ஏழைக்கு அப்படி எதுவும் இல்லை.

சாப்பாட்டில் நகரம் கொஞ்சம் தலை தூக்குகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கும் குடிமகனுக்கு மாதம் 5 மோடி, அதாவது சுமார் 33 கிலோ கோதுமை இலவசம். அகஸ்டஸ் காலத்தில் 2 லட்சம் பேர் வாங்கினார்கள். நம் ரேஷன் அட்டையைப் போலத்தான்: பெயர் இருந்தால் சோறு. மாவு அரைத்து ரொட்டி சுடுவது தனிச் செலவு. பட்டாளத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து தாங்களே அரைத்து, தாங்களே சமைப்பார்கள். ருசிக்கும் குறைவில்லை. இங்கிலாந்தின் வட கோடியில் உள்ள விண்டோலண்டா கோட்டையில் கிடைத்த ஒரு மரப்பலகைக் கணக்கில், கம்பாக்ஸ் என்ற படைவீரன் பெயரில் மிளகுக்கு 2 தினாரி (ரோம வெள்ளிக் காசு) எழுதியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு சேர நாட்டுத் துறையில் கப்பலேறி அந்தக் குளிருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

அடுத்தது சம்பளம். இதில் சூதானம் வேண்டும். பேரரசர் டொமிஷியன் உயர்த்திய பிறகு லீஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 300 தினாரி. பணி முடிந்தால் 3,000. ஆனால் சாப்பாட்டுக்கும் துணிக்கும் பிடித்தம் உண்டு. யூதேயாவின் மசாடாவில் கி.பி. 70களைச் சேர்ந்த ஒரு சம்பளச் சீட்டு கிடைத்தது. ஒரு தவணைக்கு வந்தது 50 தினாரி. பார்லிக்கு 16, சாப்பாட்டுக்கு 20, காலணிக்கு 5, தோல் வாருக்கு 2, உடுப்புக்கு 7. கூட்டிப் பாருங்கள், கையில் பூஜ்யம். இருந்தாலும் கூலி வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. இது தவறாமல் வரும்.

அடி உதையையும் சொல்லிவிட வேண்டும். நகரத்துக் குடிமகனை அதிகாரி சும்மா சவுக்கால் அடிக்கச் சட்டம் விடாது. படைவீரனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, செஞ்சுரியன் கையில் திராட்சைக் கொடிப் பிரம்பு உண்டு. லுசிலியஸ் என்ற செஞ்சுரியனுக்கு 'இன்னொன்று கொண்டா' என்றே பட்டப்பெயர். வீரர்களின் முதுகில் பிரம்பு ஒடிய ஒடிய அப்படித்தான் கத்துவாராம். 14ஆம் ஆண்டுக் கலகத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? ரோமச் சட்டப்படி அப்பா உயிரோடு இருக்கும்வரை மகன் சம்பாதிப்பது அப்பாவுக்கே சொந்தம். நாற்பது வயதானாலும் அதே கதை. பட்டாளச் சம்பாத்தியத்துக்கு மட்டும் விலக்கு. அதை மகன் தன் விருப்பப்படி உயில் எழுதலாம், அப்பா கை வைக்க முடியாது. கண்டிப்பான அப்பாவிடமிருந்து தப்பிக்கப் படையில் சேர்ந்தவன் இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பட்டாளம் தோற்கும் இடம் குடும்பம். பணியில் இருக்கும்வரை சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாது. எட்டுப் பேர் தங்கும் அந்த அறைக்கூட்டத்துக்கு 'கொந்துபெர்னியம்' என்று பெயர். சட்டப்படி கல்யாணம் செய்ய முடியாத அடிமைகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வாழ்வதற்கும் லத்தீனில் அதே சொல்தான். இந்த ஒற்றுமை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

சட்டம் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். கோட்டை வாசலுக்கு வெளியே கடையும் வீடுமாக ஊர் முளைத்தது. விண்டோலண்டாவில் வீரர்களின் குடியிருப்புக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளின் காலணிகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் குழந்தைகள் சட்டத்தின் கண்ணில் தகப்பன் பெயர் இல்லாதவர்கள். 119இல் பேரரசர் ஹேட்ரியன், எகிப்தில் உயில் எழுதாமல் இறந்த வீரர்களின் பிள்ளைகளும் சொத்துக்கு மனுப் போடலாம் என்று கடிதம் அனுப்பிக் கொஞ்சம் இளக்கினார்.

சிபாரிசு கிடைத்தால் மூன்றாவது வழியும் உண்டு: பேரரசரின் பிரிட்டோரியன் காவல்படை. தங்குவது ரோமிலேயே, சம்பளம் பல மடங்கு, 16 வருடத்தில் விடுதலை. கல்யாணத் தடை அங்கேயும் உண்டு.

சிபாரிசு இல்லாத நம் பையனைப் படைக்கே அனுப்புவேன். முப்பது வயதில் தூக்கிக் கொஞ்ச ஒரு பிள்ளை பிறக்கும்போது என்னைத் திட்டுவான். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் அந்தக் கல்யாணத் தடையை விலக்கியது 197இல்தான்.