விட்டுவிட்டு எரிந்த ஹெட்லைட்டுக்கு 4,850 ரூபாய்: பைக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,850 ரூபாய் கொடுத்துச் 'சரிசெய்த' ஹெட்லைட், நத்தம் ரோட்டில் எதிரே லாரி வரும்போது மறுபடியும் அணைந்தது.

கடை பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்போம் என்று போர்டு வைத்து, கஸ்டமர் உட்கார ஏசி ரூமும் போட்டிருக்கிற சர்வீஸ் சென்டர் வகை.

என் 125 சிசி வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைட் போகும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் வரும். ஹை பீம், லோ பீம் இரண்டும் சேர்ந்தே போகும். ஹாரன், இண்டிகேட்டரில் ஒரு குறையும் இல்லை. இதை அப்படியே சொன்னேன். அங்கிருந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு மல்டிமீட்டரைக் கொண்டுவந்து பேட்டரியில் வைத்தான். "பாருங்கண்ணே, 12.1 வோல்ட்தான் காட்டுது. சார்ஜே ஏறல." மீட்டரையே கண் முன்னால் நீட்டுகிறவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்? கொஞ்ச நேரம் கழித்து வேஸ்ட் துணியில் கருகிப்போன காயில் ஒன்றை, இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற செம்புச் சுருளை, ஏந்திக்கொண்டு வந்தான். "உங்க வண்டியில இருந்ததுதாண்ணே, நல்லவேளை வந்தீங்க." அது யார் வண்டிக் காயிலோ, அவனுக்கே வெளிச்சம்.

காயில் 1,600, ஆர்ஆர் யூனிட் (அந்தக் கரண்டை அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர்) 950, புது பேட்டரி 1,500, கூலி 800. மொத்தம் 4,850. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய பேட்டரியைக் கேட்டால், "எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு சார்."

லைட் மறுபடி போனதும் நேராக அங்கே போய் நின்றேன். ஓனர் வெளியே போயிருக்கிறாராம். அடுத்த தடவை, "எலக்ட்ரிக்கல் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது சார்." அப்புறம், "நம்ம ரோடு அப்படி சார், குலுங்கத்தான் செய்யும்." வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுகிறது, பதில் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்றால் கையில் இருப்பது அந்தத் துண்டுச்சீட்டு மட்டும்தான்.

கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், வயசானவர். வண்டியை ஸ்டார்ட் செய்து ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்க ஒடித்தார், லைட் போனது. நேராக்கினார், வந்தது. "வயரு உள்ளுக்குள்ள அந்து கெடக்கு தம்பி." ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் டேப்பைப் பிரித்தார். ஹை பீம், லோ பீம் மாற்றுகிற டிப் சுவிட்சுக்குப் போகிற சப்ளை வயர், மேலே பிளாஸ்டிக் முழுசாக இருக்கிறது, விரலால் மடக்கினால் உள்ளே செம்பு இல்லாமல் தொளதொள என்று மடங்குகிறது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டார். 150 ரூபாய்.

துண்டுச்சீட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இந்த வண்டிக்கு ஹெட்லைட் கரண்ட், இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தர்ற மேக்னெட்டுல இருந்து நேரா வருது. பேட்டரிய மாத்தி என்ன ஆகப்போகுது?" 12.1 என்று அந்தப் பையன் காட்டியதே இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எடுத்த ரீடிங். நிறுத்தி வைத்த வண்டியில் 12 சில்லறைதான் காட்டும். ஓடும்போது 13.5-க்கு மேல் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இது தெரியாமலா மெக்கானிக்காக இருக்கிறான்? 4,850 ரூபாய்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கடைக்குப் போகுமுன் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் இன்ஜின் ஓடும்போதெல்லாம் லைட் எரிந்தே ஆக வேண்டும், பகலிலேயே சுவரைப் பார்த்து நிறுத்திச் சோதித்துவிடலாம். ஒரு பீம் மட்டும் போனால் முதலில் பல்ப். பல்ப் ஹோல்டர் பின் கருகியிருக்கிறதா பாருங்கள், 35 வாட் இடத்தில் 90, 100 வாட் மாட்டினால் அது உருகத்தான் செய்யும். பார்ட்ஸ் மாற்றினால் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஓனர் இன்றைக்கும் போன் எடுக்கவில்லை, நாளைக்குக் கடை திறக்கும்போதே போய் நிற்கப்போகிறேன்.