வாட்ஸ்அப் ஃபார்வர்ட் லேபிள்: பாதி வேலைதான் செய்யுது

மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்திருக்குன்னு அர்த்தம், 2020 ஏப்ரல்ல இருந்து அத ஒரு நேரத்துல ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். இதுல எனக்கு பிடிச்சது, உள்ள என்ன எழுதிருக்குன்னு கம்பெனி படிக்காமலே இது நடக்குது, அனுப்புறவரும் வாங்குறவரும் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டி வைக்கிற என்க்ரிப்ஷனும் உடையல. ஆனா நம்மாளுங்க லேசுப்பட்டவங்களா, காப்பி பண்ணி புதுசா பேஸ்ட் பண்ணிட்டா அம்புக்குறி காணாம போயிடும், ஏதோ அனுப்புனவரே நேர்ல பாத்த மாதிரி! அதவிட மோசம், காணாமப்போன குழந்தைன்னு ஃபோட்டோவும் ஃபோன் நம்பரும் போட்டு சுத்துற மெசேஜ், குழந்தை கிடைச்சு வருஷக்கணக்காகியும் அந்த நம்பர் ஊரெல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு இந்த லேபிளால ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கலாம்.