பளிச்சென்று தெரியும் பொய்யான மலை

கோத்தகிரியில் இருக்கும் நண்பர் ஒருவர், டிஷ் இணைப்பில் கூடுதல் பணம் கட்டித் தமிழ்த் திரைப்படச் சேனல் தொகுப்பை எடுக்கலாமா என்று கேட்டார். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே இருக்கும் எல்லநள்ளியில் பல ஆண்டுகளாக அந்தத் தொகுப்பை வைத்திருப்பவன் நான். போன வாரம்தான் குன்னூரிலிருந்து ஆள் வந்து, கிண்ணத்தின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவியில் தண்ணீர் இறங்கியிருந்ததால் அதை மாற்றி, கிண்ணத்தைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போனார். படம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. அப்படித் தெரிவதால்தான் கோபமும் கூடியிருக்கிறது.

சிக்னலைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். மூடுபனி எவ்வளவு அடர்ந்தாலும் படம் போகாது, கனமழைக்குத்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் வலுக்கும்போது திரை கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும், பிறகு எல்லாம் கறுத்துவிடும். மழை குறைந்ததும் தானாகவே திரும்பிவிடும். மலையில் குடியிருப்பவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது. ஒரே படங்கள் சுற்றிச் சுற்றி வருவதையும் நான் பொறுத்துக்கொள்வேன். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை மதிய நேரத்தில் அம்மா ஆசையாகப் பார்க்கிறார். அதற்காகவே கட்டணம் தகும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

என்னால் பொறுக்க முடியாதது, இந்தப் படங்கள் எங்கள் மலையைக் காட்டும் விதம்.

ஊட்டிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பும் கதாநாயகன் அடுத்த காட்சியில் கொடைக்கானல் ஏரிக்கரையில் நடக்கிறான். பல்லவி ஊட்டி ஷூட்டிங் மட்டத்தில், முதல் சரணம் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில், இரண்டாவது சரணம் கேரளத்து மூணாறில். நீலகிரியிலிருந்து இறங்கிக் கொடைக்கானல் மலை ஏறிச் சேர ஒரு பகல் போய்விடும். இவர்களோ கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதுபோலப் போய்விடுகிறார்கள். பாட்டு கனவு என்று விட்டுவிடலாம். கொலை, விசாரணை, துரத்தல் என்று வரும் கதையிலும் இதையே செய்தால் எப்படி? கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் விரட்டிக்கொண்டு போகிற கார், மசினகுடிக்கு இறங்காமல் குன்னூரில் வந்து நிற்கிறது. இங்கே ஓட்டிப் பழகிய எவருக்கும் அந்த நொடியில் கதை செத்துவிடும்.

ரயிலுக்கும் இதே கதிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை இருக்கிறது. அதில் ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும். முன் பெட்டியின் நுனியில் ஒருவர் கையில் கொடியோடு நின்று, பாதையில் கல்லோ யானையோ கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவார். மழையும் குளிரும் நேராக அவர் முகத்தில்தான் அடிக்கும். ஒரு முழுப் படத்துக்கு உரிய வேலை அது. நான் பார்த்த படங்களில் கேமரா ஜன்னலோரத்துக் கதாநாயகியை விட்டு அவர் பக்கம் திரும்பியதே இல்லை.

அந்தக் கதாநாயகிக்கும் மெல்லிய சேலையைத்தான் கொடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் கதாநாயகனுக்குத் தோல் ஜாக்கெட், கழுத்தைச் சுற்றி மப்ளர். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் ஒரு பெண்ணை அப்படி ஆடவிட்டுப் படம் எடுப்பது கொடுமை. தேயிலைத் தோட்டத்துப் பெண்களோ பாட்டில் பின்னால் வரிசையாக நின்று தலையாட்டுவதற்கு மட்டும் வருகிறார்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டி, பை பொருத்திய கத்தரியால் கொழுந்து வெட்டி, மாலையில் எடை போடக் காத்து நிற்கும் பெண்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். கேத்திப் பள்ளத்தாக்கில் இத்தனை ஹட்டிகள், அதாவது படுகர் ஊர்கள், இருக்கின்றன. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தித் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, எங்கள் மலையில் ஆளே இல்லாததுபோலப் படம் எடுப்பவர்கள் மேல் வருத்தம் வரத்தான் செய்யும்.

இதே தொகுப்பில்தான் ‘மூன்றாம் பிறை’யும் வருகிறது. 1982இல் வந்த படம். பாலு மகேந்திராவே இயக்கி ஒளிப்பதிவும் செய்தார். அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. மேகம் மூடிய பகலில் எங்கள் வீடுகளுக்குள் விழும் அந்தச் சாம்பல் வெளிச்சம் அதில் அப்படியே இருக்கிறது. கடைசிக் காட்சி எங்கள் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. மழை கொட்டுகிறது. சேற்றில் விழுந்து எழுந்து நொண்டிக்கொண்டே ஓடும் கமல்ஹாசன், தன்னை மறந்துவிட்ட ஸ்ரீதேவியின் ஜன்னலுக்கு வெளியே குரங்கு வித்தை காட்டி அவள் நினைவைத் தட்டியெழுப்பப் பார்க்கிறார். அவளோ பிச்சைக்காரன் என்று நினைத்து உணவை எறிகிறாள். அந்தச் சேறு எங்கள் சேறு. மழை பெய்த நாளில் அந்த நிலையத்தில் நின்றவர்களுக்குக் கால் வழுக்கும் விதம்கூடத் தெரியும். மலை அங்கே வெறும் அழகாக நிற்கவில்லை. அந்த மனிதனைக் கீழே தள்ளுகிறது, நனைக்கிறது, அவன் அழுகையை மறைக்கிறது. எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுத்த குறும் ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வாங்கியது. யானைக்குட்டி ரகுவை வளர்த்த பொம்மனும் பெள்ளியும்தான் அதில் நாயகனும் நாயகியும். ஒப்பனை கிடையாது, பாட்டு கிடையாது. பெள்ளி அந்தக் குட்டியோடு பேசுகிற பேச்சு போதும். மலையில் ஆள் இருக்கிறார்கள் என்று உலகத்துக்கே அந்தப் படம் காட்டியது. அதைக் கைப்பேசியில்தான் பார்த்தேன். இந்தத் தொகுப்பில் அது வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். அம்மாவுக்கான பழைய படச் சேனல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, மீதித் தொகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். எல்.என்.பி. மாற்றிய செலவு வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். நேற்று இரவுகூட ஒரு கதாநாயகன் எங்கள் பைக்காரா அணையில் கார் கதவைச் சாத்திவிட்டுக் கொடைக்கானல் தூண் பாறையில் இறங்கினான்.