மாத்திரை கம்பெனியில் கியூஏ: பி.எஸ்சி. வழியா, பி.ஃபார்ம் வழியா?

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் தடாவிலிருந்து அத்தை போன் செய்திருந்தார். "சின்னவன் இன்டர் (ஆந்திராவின் பிளஸ் டூ) முடிச்சிட்டான்டா. நீ பார்க்கிற வேலைதான் வேணும்னு நிக்கிறான். பி.ஃபார்ம் சேர்க்கட்டுமா, உன்னை மாதிரி பி.எஸ்சி. போதுமா?" அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. இதே கேள்வியோடு எங்கள் பஸ்ஸிலேயே நாலு பேர் வருகிறார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கதை சுருக்கமாக. ஊர் எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், ஆரம்பாக்கம். பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. முடித்த கையோடு ஆந்திராவில் நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு மாத்திரை ஆலையில் கியூசி டிரெய்னி. நாலரை வருஷம் லேப், அதற்குப் பிறகு கியூஏ. நான் வந்த வழியைத்தான் கொஞ்சம் தூக்கிப் பேசுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பி.ஃபார்ம் பக்கத்துக்கு என் அளவுகோல் புத்தூர்க்காரர் ஒருவர். பி.ஃபார்ம், அதற்கு மேல் எம்.ஃபார்மில் குவாலிட்டி அஷ்யூரன்ஸ். நான் கியூஏவுக்கு மாறிய அதே மாதம் அவர் நேராக கியூஏவில் சேர்ந்தார். பக்கத்துப் பக்கத்து மேஜை.

தெரியாதவர்களுக்கு: மருந்தைச் சோதித்து எண் சொல்வது கியூசி. அந்தச் சோதனையும் அதற்கு முந்தைய தயாரிப்பும் எழுதி வைத்த முறைப்படி நடந்தனவா என்று பார்த்து, பேட்சை (ஒரே தடவையில் தயாரித்த மொத்த மாத்திரையை) வெளியே விடுவதா நிறுத்துவதா என்று கையெழுத்துப் போடுவது கியூஏ. முன்பு சின்ன ஆலைகளில் இந்த இரண்டாவது வேலைக்குப் பெயருக்கு ஒருவர் இருப்பார். 2023 டிசம்பர் 28-ல் திருத்திய ஷெட்யூல் எம் (மருந்து ஆலைகள் பின்பற்ற வேண்டிய தயாரிப்பு விதிகள்) வந்ததும் அது மாறிவிட்டது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆறு மாதம், சின்ன ஆலைகளுக்கு முதலில் ஒரு வருஷம், பிறகு 2025 டிசம்பர் 31 வரை என்று கெடு வைத்தார்கள். ரிஸ்க் மேனேஜ்மென்ட், வருஷத்துக்கொரு முறை ஒவ்வொரு மருந்தின் தர அலசல் என்று காகித வேலை கூடியிருக்கிறது. ஆள் தேவை இருக்கிறது.

படிப்புச் செலவில் பேச ஒன்றும் இல்லை. அரசுக் கல்லூரி பி.எஸ்சி.யோடு தனியார் பி.ஃபார்மை வைத்துப் பார்த்தால் எது மலிவு என்று அத்தைக்கே தெரியும். சீட் விஷயத்தில் மட்டும் எங்கள் எல்லைக்கே உரிய ஒரு சிக்கல். தடாவில் படித்த பையன் ஆந்திராவில் லோக்கல்; அங்கத்து நுழைவுத் தேர்வான இஏபிசெட் எழுதினால் லோக்கல் பையன்களுக்கான 85 சதவீத இடத்துக்குள் வருவான். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதற்காகப் பத்து கிலோமீட்டர் தாண்டித் தமிழ்நாட்டில் கேட்டால் அவன் வெளியாள். எந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போனானோ அந்தப் பக்கமே காலேஜும் பார்ப்பது நல்லது.

அடுத்தது சட்டம். டிரக்ஸ் ரூல்ஸ் 71-ஆம் விதிப்படி, மருந்துத் தயாரிப்பை மேற்பார்வையிட பி.ஃபார்ம் படித்தவருக்குப் பட்டத்துக்குப் பிறகு 18 மாத அனுபவம் போதும். கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாக எடுத்த பி.எஸ்சி.க்கு 3 வருஷம். இதைக் காட்டித்தான் "பாதி நேரத்தில் ஆகிவிடலாம்" என்று பி.ஃபார்மை விற்கிறார்கள். படிப்பு வருஷத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பி.எஸ்சி.: 3 வருஷப் படிப்பு, 3 வருஷ அனுபவம், ஆக 6. பி.ஃபார்ம்: 4 வருஷமும் ஒன்றரை வருஷமும், ஆக ஐந்தரை. வித்தியாசம் ஆறு மாதம். அந்த ஆறு வருஷத்தில் மூன்று வருஷம் பி.எஸ்சி.க்காரன் சம்பளம் வாங்கியிருப்பான். டெஸ்டிங் பக்கத்துத் தலைமைக்கோ சயன்ஸ் பட்டமும் மருந்து சோதித்த அனுபவமும் இருந்தால் விதி ஏற்றுக்கொள்கிறது. ஒன்று மட்டும் கவனம்: லேபில் கழித்த வருஷம் டெஸ்டிங் கணக்கில்தான் சேரும், தயாரிப்புக் கணக்கில் சேராது.

இதெல்லாம் ஒரு பக்கம். நான் பி.எஸ்சி., அதிலும் கியூசி லேப் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் வேறு. கியூஏவில் உட்கார்ந்து மற்றவர் செய்ததைச் சரிபார்க்கிறோம். அதை நம் கையால் நூறு தடவை செய்திருந்தால்தான் காகிதம் பொய் சொல்லும்போது தெரியும்.

ஒரு மாத்திரையின் அஸ்ஸே, அதாவது மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்கிற சோதனை, எப்படிப் போகும் என்று பாருங்கள். 20 மாத்திரையை எடை போட்டு, கல்வத்தில் பொடித்து, அதில் தேவையான தூளைத் தராசில் நிறுக்க வேண்டும். தராசின் கதவைச் சாத்திய பிறகும் கடைசி இலக்கம் கொஞ்ச நேரம் ஆடும், அது நிற்கக் காத்திருக்க வேண்டும். தூளை 100 மில்லி ஃபிளாஸ்கில் கொட்டி, கரைப்பான் ஊற்றி, ஒலியலையால் அதிர வைத்துக் கரைக்கும் சோனிகேட்டரில் 20 நிமிடம் வைத்து நடுநடுவே குலுக்க வேண்டும். வெளியே எடுத்தால் ஃபிளாஸ்க் சூடாக இருக்கும். ஆறாமல் கோடு வரை நிரப்பினால் அளவு தப்பும். ஆறியதும் நிரப்பி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் முதல் சில மில்லியைக் கீழே விட்டு, மிச்சத்தைச் சின்னக் குப்பியில் பிடித்து, மருந்தைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியின் தட்டில் வைக்க வேண்டும். எவ்வளவு வேகமான கையாக இருந்தாலும் எடை போட்டதிலிருந்து இன்ஜெக்ஷன் (கருவிக்குள் செலுத்துவது) வரை முக்கால் மணி நேரம் ஆகும்.

கியூஏவுக்கு வந்த புதிதில் ஒரு பேட்ச் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. புத்தூர்க்காரர் ஏற்கெனவே பார்த்து டிக் போட்டிருந்தார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, எல்லாக் கையெழுத்தும் இருந்தது. எடைச் சீட்டு முதலில், இன்ஜெக்ஷன் பிறகு. கருவி சரியாக ஓடுகிறதா என்று காட்டும் எண்ணும் வரம்புக்குள். ரிசல்ட் 99 சதவீதச் சொச்சம். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் நேரத்தைப் பார்த்தேன். எடைச் சீட்டில் 1.52. முதல் சாம்பிள் இன்ஜெக்ஷன் 2.06. நடுவில் 14 நிமிடம். சோனிகேஷன் மட்டுமே 20 நிமிடம்.

தராசுக் கடிகாரமும் கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒத்துப் போகிறதா என்று முதலில் போய்ப் பார்த்தோம். ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. அனலிஸ்ட் பையனைக் கூப்பிட்டதும் அவனே சொல்லிவிட்டான், ஷிஃப்ட் முடிகிற அவசரம், கையால் குலுக்கிவிட்டு வைத்துவிட்டேன் என்று. டீவியேஷன் (முறை தவறியதற்கான பதிவு) போட்டு, காரணம் எழுதி, சோதனையை மறுபடி முழுக்கச் செய்தோம். அன்று மாலை பஸ்ஸில் புத்தூர்க்காரர் கேட்டார்: "ஆர்டர் கரெக்டா இருந்துச்சே, உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்தச் சூடான ஃபிளாஸ்க்கைக் குழாய்த் தண்ணீரில் காட்டி இன்சார்ஜிடம் திட்டு வாங்கியவன். "ராயலேதண்டே செய்யலேது" என்பார் அவர்; எழுதவில்லை என்றால் செய்யவில்லை என்று அர்த்தம். எழுதியிருந்தாலும் செய்யாமல் இருக்கலாம் என்பதை லேப்தான் எனக்குக் காட்டியது.

லேபில் இன்னும் எத்தனையோ. பம்ப்பில் காற்றுக் குமிழ் ஏறினால் பிரஷர் துள்ளும், திரையில் நேராக ஓட வேண்டிய பேஸ்லைன் கோடு பல்லிளிக்கும். அதைப் பார்த்தவனுக்குத்தான் இந்தப் பீக்கை (மருந்தைக் காட்டும் மேட்டை) எதற்காகத் தானாக அளக்க விடாமல் கையால் கோடு போட்டு அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

பதிலுக்கு பி.ஃபார்ம் பக்கத்தின் பலத்தையும் சொல்ல வேண்டும். மெஷினில் மாத்திரையின் மேல்தொப்பி கழன்று வந்த ஒரு நாள் நான் திருதிருவென்று விழித்தேன். புத்தூர்க்காரர் ஃபைலில் கிரானுலேஷன் (தூளைக் குருணையாக்குவது) பக்கத்தைத் திருப்பி, "ரொம்பக் காஞ்சு போச்சு, ஈரப்பதம் பாருங்க" என்றார். அதேதான். தூள் எப்படி மாத்திரையாகிறது என்பது அவருக்குப் படிப்பிலேயே வந்துவிட்டது. எனக்கு அது பிடிபட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்று அவர் சம்பளம் என்னுடையதைவிடக் கொஞ்சம் கூடவும்தான். ஜிபேட் என்கிற எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வில் தேறினால் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அவர் அதை வாங்கித்தான் படித்தார்.

லேப் வழியில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். அனுபவம் கையில் ஏறினால் போதாது, காகிதத்திலும் ஏற வேண்டும். என் முதல் 14 மாதம் நான் கம்பெனி ரோலில் இல்லை. கான்ட்ராக்டர் ரோல். வேலை அதேதான், அதே தராசு, அதே எச்பிஎல்சி, லாக்புக்கில் என் கையெழுத்து. சம்பளச் சீட்டில் மட்டும் யாரோ ஒரு ஏஜென்சி பெயர். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் டெஸ்டிங் பொறுப்புக்கு என் பெயரைப் போடக் கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கம், சம்பளமும் பரவாயில்லை. சர்டிஃபிகேட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் சேர்ந்த தேதி என்று இருந்தது ரோலில் ஏற்றிய தேதி. 14 மாதம் காணாமல் போயிருந்தது. பதவி "எக்ஸிகியூட்டிவ்" என்று மட்டும். மருந்து சோதித்தேன் என்று ஒரு வரி இல்லை. எந்தக் கருவியில் வேலை பார்த்தேன் என்றும் இல்லை. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலத்து டிரக் கன்ட்ரோல் என்பதால், ஆந்திராவில் என்னைத் தெரியும் என்பது எல்லைக்கு இந்தப் பக்கம் செல்லாது. காகிதம்தான் பேச வேண்டும், அது ஊமையாக இருந்தது. பழைய எச்ஆரிடம் திருத்தித் தரச் சொல்லி மூன்று மாதம் அலைந்தேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அதனால் இப்போது சேர்கிற பையன்களிடம் நான் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. யார் ரோல், ஆஃபர் லெட்டரில் யார் முத்திரை என்று கேட்கிறேன். ஆயிரம் ரெண்டாயிரம் குறைந்தாலும் கம்பெனி ரோல். டிரெய்னிங் ரெக்கார்டில் கருவியின் பெயரோடு உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேலையை விடும்போது என்ன சோதனை செய்தீர்கள் என்பதை லெட்டரில் எழுதி வாங்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பி.ஃபார்ம்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு என்று நினைக்கிறேன். நான் பார்த்தவரை அவர்களை நேராக ரோலில்தான் எடுக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது இரண்டே ஆலை.

மூன்றாவதாக ஒரு வழி விளம்பரத்தில் வரும்: ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஆறு மாத டிப்ளமா, வேலை நிச்சயம் என்று. எங்களிடம் அப்படி வந்த ஒரு பையன், 1993-ல் பார் லேபரட்டரீஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் மறுசோதனை பற்றிச் சொன்னதைக் கடகடவென்று ஒப்பித்தான். பைப்பெட்டைக் கொடுத்தால் கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கத் தெரியவில்லை. வேலையில் இருந்துகொண்டு சாயங்காலம் படித்தால் தப்பில்லை. அந்தக் காசைப் பட்டத்துக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

என் தீர்ப்பு மாறுகிற ஓர் இடம் இருக்கிறது: வெளிநாடு. ஐரோப்பாவில் பேட்சுக்குச் சான்று கொடுப்பவரை குவாலிஃபைடு பெர்சன் என்கிறார்கள். 2001/83 என்ற அவர்களுடைய டைரக்டிவின் 49-ஆம் பிரிவு அதற்குப் பொதுவாக நாலு வருஷப் பல்கலைக்கழகப் படிப்பும், உரிமம் பெற்ற ஆலையில் இரண்டு வருஷ அனுபவமும் கேட்கிறது. மூன்று வருஷ பி.எஸ்சி.யோடு அந்தக் கதவைத் தட்டுவது கஷ்டம். பையனுக்கு அந்த ஆசை இருந்தால் இப்போதே பி.ஃபார்ம் என்று போவது சரி. ஊசி மருந்து ஆலைகளைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. அங்கே மைக்ரோபயாலஜிக்காரர்கள் ராஜ்யம், நான் உள்ளே கால் வைத்ததில்லை.

அத்தைக்கு மனசு பி.ஃபார்மில்தான் இருக்கிறது என்று குரலிலேயே தெரிகிறது. "பேருக்குப் பின்னாடி போட்டா மரியாதையா இருக்கும்ல" என்றார். சின்னவன் போனைப் பிடுங்கி, "அண்ணா, லேப்ல நின்னுக்கிட்டேதான் வேலையா?" என்று கேட்டான். ஆமாம், எட்டு மணி நேரமும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பீரோவிலிருந்து என் முதல் ஆஃபர் லெட்டரை எடுத்து வைத்திருக்கிறேன், ஏஜென்சி முத்திரை போட்ட அதே லெட்டர். முதலில் அதைக் காட்டலாம் என்று இருக்கிறேன்.