கூட்டாக விற்ற காசு: எண்ணிக்கைப்படியா, மதிப்புப்படியா?

பக்கத்துத் தோட்டத்து அக்காவும் நானும் எலுமிச்சையை ஒன்றாகக் கொட்டி விற்கலாம் என்று பேசியதுமே எழுந்த கேள்வி, காசை எப்படிப் பிரிப்பது என்பதுதான். பழத்தின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம், இல்லை மதிப்புப்படி பிரிக்கலாம். நாங்கள் மதிப்பையே எடுத்துக்கொண்டோம்.

எண்ணிக்கைக் கணக்கு சுலபம். இருவர் பழமும் ஒரே ரகம், ஒரே பருமன் என்றால் அதுவே போதும்.

பருமன் வேறாக இருந்தால்தான் சிக்கல். பழைய ஆப்பிள் புதிர் ஒன்று உண்டு. அதை எலுமிச்சைக்கு மாற்றிச் சொல்கிறேன். அக்காவிடம் 30 பெரிய பழம், 10 ரூபாய்க்கு 2. என்னிடம் 30 சின்னப் பழம், 10 ரூபாய்க்கு 3. தனித்தனியாக விற்றால் அவருக்கு 150, எனக்கு 100, ஆக 250. கலந்து, 20 ரூபாய்க்கு 5 என்று கூறு கட்டினால் 60 பழத்துக்கு 240தான் வரும். மீதி 10 ரூபாய் எங்கே? ஒரு கூறில் 3 சின்னது, 2 பெரியது. பத்தாவது கூறோடு சின்னது தீர்ந்துவிடும். மிஞ்சிய 10 பெரிய பழம் 50 ரூபாய்க்குப் போக வேண்டியது, 40க்குப் போகிறது.

இந்த 240ஐ எண்ணிக்கைப்படி பிரித்தால் ஆளுக்கு 120. எனக்கு 20 ரூபாய் கூடுதல், அக்காவுக்கு 30 நஷ்டம். இத்தனைக்கும் விலை குறைந்து போனது அவருடைய பழம். அடுத்த சந்தைக்கு அவர் ஏன் என்னோடு சேர வேண்டும்? என்னை முடிவெடுக்க வைத்தது இந்த ஒரு கேள்விதான். மதிப்புப்படி, 3க்கு 2 என்று பிரித்தால் அவருக்கு 144, எனக்கு 96. அவருக்கு 6 ரூபாய் குறைகிறது, எனக்கு 4. அவரவர் சரக்கின் மதிப்புக்குத் தக்க நஷ்டம்.

1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் மூன்று வணிகர்கள் 51, 68, 85 என்று முதல் போட்டு அதை 300 ஆக்குகிறார்கள். பங்கு 75, 100, 125. அங்கே போட்டது பணம் என்பதால் விகிதம் கையிலேயே இருக்கிறது. பழத்துக்கு அப்படியில்லை. கலப்பதற்கு முன்பே அன்றைய தனி விலையைப் பேசி எழுதி வைக்க வேண்டும். இந்த முறையில் தொல்லை என்றால் இதுதான், ஆனால் இதைத் தவிர்க்கவே கூடாது.

எலுமிச்சை நாலு நாள் தாங்கும். சீக்கிரம் வாடும் கீரைக்கும் தக்காளிக்கும் இது ஒத்துவருமா என்று நான் செய்து பார்த்ததில்லை.

அப்புறம், சின்னது தீர்ந்ததும் மிச்சப் பெரிய பழத்தை 10 ரூபாய்க்கு 2 என்றே கொடுத்துவிடுங்கள். அந்த 10 ரூபாயும் தப்பும். 150, 100 என்று முழுசாகப் பிரியும்.